பில்லில் ஒரு தேதி எழுதுங்கள்: மதுரை வணிகர், சிறுதொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலுள்ள வணிகர் சங்கங்கள், சிறுதொழில் சங்கங்கள், தொழில் வர்த்தகச் சங்கம் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கும், அவற்றில் உறுப்பினர்களாக இருக்கும் கடை, கம்பெனி உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்து பிழைப்பவள். மசாலா பாக்கெட், அப்பளக் கவர், ஊறுகாய் லேபிள், ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம், நகைக்கடைக்கு அட்சய திருதியை பேனர், பள்ளிக்கூடத்துக்கு அட்மிஷன் நோட்டீஸ் என்று எது வந்தாலும் செய்வேன். மாதச் சம்பளம் கிடையாது. வேலையை முடித்து, பில் போட்டு, அந்தப் பணம் வந்தால்தான் வருமானம். இப்படி ஃப்ரீலான்ஸாக வேலை செய்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், ஆல்பம் போடுகிறவர்கள், கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள், வெப்சைட் செய்து கொடுப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள். எங்களுக்கென்று சங்கம் கிடையாது. உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். வேலை கொடுக்கும்போதே, பணம் எந்தத் தேதியில் வரும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். அந்தத் தேதியில் பணத்தைப் போட்டுவிடுங்கள். ரேட்டைக் கூட்டிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பேசிய பணம், பேசிய நாளில் வந்தால் போதும்.

பணம் தாமதமானால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரா-ராமநாடு வர்த்தகச் சங்கம் என்று 1924-இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊர் வணிகர்கள் ஒன்றுகூடி அரசிடம் கோரிக்கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கப்பலூரிலும் கே.புதூரிலும் பட்டறை வைத்திருப்பவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரிய கம்பெனிக்குச் சரக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருக்கும் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். செய்த வேலைக்குப் பணம் நாளுக்கு வர வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை நியாயமானது. அதே நியாயத்தை, உங்களுக்கு வேலை செய்து தருகிற எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன்.

ஒரு அப்பளக் கவர் எப்படித் தயாராகிறது என்று உங்களில் பலருக்குத் தெரியும். சிந்தாமணி, வில்லாபுரம் பக்கம் அப்பளம் போடுகிறவர்கள் இந்த மடலைப் படித்தால் ஒவ்வொரு கட்டமும் கண்ணுக்குத் தெரியும். முதலில் டிசைன். பெயர், படம், நிறம் மட்டும் இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் உரிமத்தின் பதினான்கு இலக்கமும் ஒன்றுகூடப் பிசகாமல் வர வேண்டும். சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். 100 கிராமுக்கு எவ்வளவு சக்தி, எவ்வளவு சோடியம் என்ற அட்டவணை, நிகர எடை, எம்ஆர்பி, பேட்ச் எண், தயாரித்த தேதி அடிக்க வெற்றிடம், பார்கோடு எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்க வேண்டும். நிகர எடையின் எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்கே விதி இருக்கிறது. அது தப்பினால் அபராதம் உங்களுக்கு. அதனால் நாங்கள் ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, மறுபடி பார்த்து, அப்புறம்தான் ஃபைலை அனுப்புகிறோம்.

அதன் பிறகு ஃபைல், கவரை அச்சடிக்கும் சிலிண்டரைச் செய்கிறவரிடம் போகிறது. ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். அவர் அட்வான்ஸ் கைக்கு வராமல் வேலையைத் தொடங்க மாட்டார். கவர் அடிக்கிற கம்பெனி பாதிப் பணத்தை முன்னால் வாங்கிக்கொள்ளும், மீதியை வாங்கிக்கொண்டுதான் சரக்கை வண்டியில் ஏற்றும். லாரி ஆபீஸில் வாடகையைக் கட்டினால்தான் பண்டல் வெளியே வரும். இவர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, நீங்களும் கோபித்துக்கொள்வதில்லை. சரக்கு அவர்கள் கையில் இருக்கிறது, பணம் உங்கள் கையில் இருக்கிறது, இரண்டும் கை மாறுகின்றன. எங்கள் சரக்கு மட்டும், முதல் நாளே வாட்ஸ்அப்பிலும் ஈமெயிலிலும் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. இனி பிடித்து வைக்க எங்களிடம் எதுவும் இல்லை. அந்தக் கவரில் மடித்த அப்பளம் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்து விற்றுத் தீர்ந்த பிறகும், அந்தக் கவரை வரைந்தவரின் பில் மட்டும் நின்றுகொண்டிருக்கும். வரிசையில் முதலில் வேலை செய்தவர் கடைசியில் பணம் வாங்குகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கல்யாணத்தில் சமையல் மாஸ்டருக்கும் மேளக்காரருக்கும் கணக்கைத் தீர்க்காமல் மண்டபத்தைக் காலி செய்கிற வீடு அபூர்வம். பந்தியில் இலை போட்டவருக்கும் அன்றைக்கே கூலி. லேப்டாப் வைத்துக்கொண்டு மொய் பதிகிறவர்களுக்கும் சாயங்காலத்துக்குள் பணம் வந்துவிடுகிறது. அதே கல்யாணத்தின் வீடியோவை எடிட் செய்கிற பையன் மட்டும் காத்திருக்கிறான். ஸ்டுடியோக்காரர் அவனிடம், "பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பம் வாங்கட்டும் தம்பி, மொத்தமா செட்டில் பண்ணிடலாம்" என்கிறார். பெண் வீட்டார் ஆல்பத்தை ஆடி கழித்து வாங்குகிறார்கள், சில வீடுகளில் வளைகாப்பே வந்துவிடுகிறது. அவன் எடிட் செய்த பாட்டு எல்லார் ஸ்டேட்டஸிலும் ஓடிக்கொண்டிருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஐந்நூறு ரூபாய் மொய்யை நோட்டைப் புரட்டிப் பார்த்து மறக்காமல் திருப்பிச் செய்கிற ஊர் இது. அப்படி ஒரு நாணயம் நம்மிடம் இருக்கிறது. கண் முன்னால் நிற்கிறவரின் கூலி நினைவில் நிற்கிறது. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவரின் பில் நினைவில் நிற்பதில்லை.

இப்போது அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பில் அனுப்புகிறோம். இரண்டு நீல டிக் விழுகிறது. ஒரு வாரம் கழித்து, "சார், அந்த பில்…" என்று ஒரு செய்தி. "பார்த்துச் சொல்றேன்ம்மா." அப்புறம், "ஓனர் திருப்பதி போயிருக்கார்." "ஆடிட்டர் வரட்டும்." "செக் ரெடியா இருக்கு, சைன் மட்டும் ஆகணும்." "முகூர்த்த நேரம், ஒரே பிசி." "மாசக் கடைசி, கொஞ்சம் டைட்டு." இவற்றில் பலவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் நாங்கள் ஒரு நாளைக் குறித்து வைத்து, அந்த நாளை நம்பி வீட்டில் ஒரு வாக்குக் கொடுத்திருப்போம். இரண்டு மூன்று தடவை கேட்டபின், "என்னம்மா, எங்கே ஓடிப் போயிடப்போறோம்? இந்தக் காசுக்கா இத்தனை போன்?" என்று வரும். செய்த வேலைக்குக் கூலி கேட்பவள் கடன் கேட்பவளைப் போல நிற்க வேண்டியிருக்கிறது. பணம் வராததைவிட இதுதான் எங்களை அதிகமாக அறுக்கிறது. பெண்களாக இருந்தால் கடைக்கு நேரில் போய் உட்கார்ந்து வாங்குவதும் எளிதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் நடுவில் நின்று பாக்கியைக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

உங்களுக்கு அது எட்டாயிரம் ரூபாய். நாள் வியாபாரத்தில் ஒரு மூலை. எங்களுக்கு ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்தின் முதல் தவணை, இல்லாவிட்டால் லேப்டாப் ஈஎம்ஐ, வீட்டு வாடகை. ஈஎம்ஐ தேதியில் கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி அபராதம் பிடிக்கும், சிபில் ஸ்கோரும் இறங்கும். அதற்குப் பயந்து கையிலிருக்கும் வளையலை அடகு வைப்போம், அடகு வைக்க எதுவும் இல்லாதவர்கள் வாரவட்டிக்கு வாங்குவார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வந்தும், தெருவுக்குத் தெரு வாரவட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வட்டியைக் கட்டுகிறவர்களில், யாரோ ஒரு முதலாளி கொடுக்க வேண்டிய பாக்கிக்காகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கடையின் தாமதத்துக்கு வட்டி கட்டுகிறவர் உங்கள் டிசைனர்.

ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் நண்பர்கள் பாடு இன்னும் மோசம். சேவைக்கு பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மாதக் கணக்கில் வரியைக் காட்டிக் கட்டியாக வேண்டும். ஒரு லட்ச ரூபாய் பில் என்றால் 18 ஆயிரத்தைக் கைக்காசிலிருந்து அரசுக்குக் கட்டிவிட்டு, அந்த ஒரு லட்சத்துக்காக உங்கள் போனுக்குக் காத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் மிகக் குறைவு. அது உண்மை. பெரும்பாலான இடங்களில் எங்களுக்குப் பணம் கொடுப்பது யாருடைய வேலையும் இல்லை, அதுதான் சிக்கல். பருப்பு மூட்டை வந்தால் ரசீதோடு வருகிறது. கணக்குப்பிள்ளை அதை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறார். எத்தனை நாள் கெடு, முன்னால் கட்டினால் எவ்வளவு கேஷ் டிஸ்கவுண்ட் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. கீழமாசி வீதி மொத்தக் கடைகளிலும் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளிலும் தவணைக் கணக்கு தலைமுறையாக ஓடுகிறது. தேதி தவறினால் அடுத்த லோடு வராது என்பதால் யாரும் தவறவிடுவதில்லை. எங்கள் பில் மட்டும் முதலாளியின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. காலை வணக்கப் படங்களுக்கும் சொந்தக்காரர் குரூப் செய்திகளுக்கும் அடியில் அது புதைந்துவிடுகிறது. கணக்குப்பிள்ளைக்கு அப்படி ஒரு பில் இருப்பதே தெரியாது. மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்கும்போதுதான் திடீரென்று போன் வருகிறது: "அந்த பில்லை பிடிஎஃபா அனுப்பும்மா, கணக்குல ஏத்தணும்." ஏற்றுகிறார்கள். செலவு கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் மட்டும் வருவதில்லை.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். மிரட்டுவதற்காக இல்லை. உங்களுக்காக வந்த சட்டம் எங்களுக்கும் சேர்த்தே வந்திருக்கிறது என்பதை உங்களில் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள்.

2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தை நீங்கள்தான் அதிகம் எடுத்துச் சொல்கிறீர்கள். அதன் 15-ஆவது பிரிவு, குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ பெற்றவர், எழுத்தில் தேதி பேசியிருந்தால் அந்தத் தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. அப்படிப் பேசிய கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் அடுத்த பிரிவின்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சேவை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவைச் செய்திருக்கும் டிசைனரும் எடிட்டரும் மொழிபெயர்ப்பாளரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் குறு நிறுவனங்கள்தான். 2020 ஜூலை முதல் நடக்கும் அந்தப் பதிவுக்குக் கட்டணமும் இல்லை, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். இதைப் படிக்கும் ஃப்ரீலான்ஸ் நண்பர்கள் இன்றைக்கே பதிவு செய்துகொள்ளுங்கள். வேலையை முடித்த பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்கு அது உதவாமல் போகலாம்.

அதே சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. வேலையில் குறை இருந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் கைக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். கெடு அங்கிருந்து ஓடத் தொடங்கிவிடும். "டிசைன் நல்லாத்தான் இருக்கு, ஆனா…" என்று மூன்று மாதம் கழித்து, பில்லைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிற கரெக்‌ஷன்களுக்கு இதுதான் பதில்.

2023-இல் நிதிச் சட்டத்தின் வழியாக வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு உட்பிரிவைச் சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம், மேலே சொன்ன கெடுவும் தாண்டி, ஆண்டுக் கடைசியிலும் பாக்கியாக நின்றால், அந்த ஆண்டுக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. என்றைக்குக் கொடுக்கிறீர்களோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தபோது ஜவுளி வணிகர்கள் எவ்வளவு பதறினார்கள் என்பது நினைவிருக்கும். சரக்கு பில்களை எல்லாம் தேடித் தேடிக் கட்டினார்கள். டிசைன் பில்லும் வீடியோ பில்லும் அந்தக் கணக்கில் வருமா என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பணம் வரவில்லை என்றால் முறையிட, குறு, சிறு நிறுவனங்களின் பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சில் அந்த 2006 சட்டத்திலேயே இருக்கிறது. மதுரைக்கென்றே ஒரு மண்டலக் கவுன்சில் உண்டு. 2017-இல் சமாதான் இணையதளம் தொடங்கியதிலிருந்து, இணையத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதியலாம். இவ்வளவும் இருந்தும் எங்களில் யாரும் அங்கே போவதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். பெரிய ஊர் போலத் தெரிந்தாலும் வியாபாரத்தில் மதுரை சின்ன ஊர். டவுன்ஹால் ரோட்டில் ஒருவர் சொன்னது சாயங்காலத்துக்குள் சிம்மக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "அந்தப் பொண்ணா? கேஸ் போடுவாளே" என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அடுத்த வேலை வராது. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்காகப் பத்து வருஷத் தொழிலைப் பணயம் வைக்க யாருக்கு மனசு வரும்? ஆகவே சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, நாங்கள் வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். சட்டம் எங்களுக்குக் கைகொடுக்காத அந்த இடத்தில்தான் சங்கம் கைகொடுக்க முடியும். ஒரு உறுப்பினருக்கு அவர் சங்கச் செயலாளர் போன் போட்டு, "அண்ணே, அந்தப் பிள்ளைக்கு ஒரு பாக்கி நிக்குதாமே, முடிச்சு விட்டுடுங்க" என்று சொன்னால் போதும், மறுநாள் பணம் வந்துவிடும். கவுன்சில் 90 நாளில் செய்ய வேண்டியதை நீங்கள் ஒரு போனில் செய்ய முடியும்.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கிறது என்று தெரியாமல் எழுதவில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போட்டால் பணம் வர மாதங்கள் ஆகின்றன. அரசு பில் எப்போது பாஸ் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆடி மாதத்தில் ஜவுளியைத் தவிர எல்லாக் கடையும் ஈ ஓட்டுகிறது. கஷ்ட காலத்தில் பணம் தள்ளிப் போகலாம், எங்களுக்கும் புரியும். அப்போதும் தேவைப்படுவது தேதிதான். "இந்த மாசம் முடியாது, அடுத்த மாசம் பத்தாம் தேதி போடுறேன்" என்று முன்கூட்டியே ஒரு வரி அனுப்பினால் நாங்கள் அதற்கேற்பக் குடும்பத்தை நடத்திக்கொள்வோம். எப்போது வரும் என்றே தெரியாத பணத்தை வைத்து எதையும் திட்டமிட முடியாது. கடையில் வேலை பார்க்கும் பணியாளருக்குச் சம்பளம் இத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வியாபாரம் மந்தமான மாதத்திலும் நீங்கள் அதைக் கொடுக்கத்தான் செய்கிறீர்கள். எங்கேயாவது புரட்டிக் கொடுத்துவிடுகிறீர்கள். அந்த வரிசையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? பெரிய ஒப்பந்தப் பத்திரம் எதுவும் வேண்டாம். முத்திரைத்தாள் வேண்டாம். வேலை கொடுக்கும்போது வாட்ஸ்அப்பிலேயே மூன்று வரி போதும்: என்ன வேலை, எத்தனை கரெக்‌ஷன் வரை இதே ரேட், எவ்வளவு பணம் எந்தத் தேதியில். அதற்கு நாங்கள் "சரி" என்று பதில் போட்டால் இரண்டு பக்கமும் எழுத்தில் வந்துவிட்டது. வேலை தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்காவது அட்வான்ஸ் கொடுங்கள். சிலிண்டர்காரருக்குக் கொடுக்கிறீர்களே, அந்த முறையில்தான் கேட்கிறேன். அப்புறம், பில்லை முதலாளிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். கணக்குப்பிள்ளையின் எண்ணைக் கொடுங்கள், அவர் டேலியில் ஏற்றட்டும். மாதத்தில் ஒரு நாளை, பத்தாம் தேதியோ இருபதாம் தேதியோ, சின்ன பில்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அன்றைக்கு ஜிபேயில் அரை மணி நேர வேலை. முதலாளி திருப்பதியில் இருந்தாலும் நடக்கும்.

பில் பணத்தில் வரியை முன்கூட்டியே கழிக்கும் டிடிஎஸ்ஸைப் பிடிப்பவர்கள் தாராளமாகப் பிடியுங்கள், ஆனால் பிடித்ததை எங்கள் பான் எண்ணில் கட்டிவிடுங்கள். பில்லில் பத்து சதவீதத்தைக் கழித்துக்கொண்டு, வருமான வரித் தளத்தில் எங்கள் வரிக்கணக்கில் தேடினால் ஒன்றும் இல்லாமல் இருப்பது, பணத்தையே தராமல் இருப்பதைவிடக் கொடுமை.

இதெல்லாம் உலகத்தில் எங்கும் இல்லாத கோரிக்கையும் இல்லை. நியூயார்க் நகரத்தில் 2017-லேயே ஃப்ரீலான்ஸ் வேலைக்கென்று தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 800 டாலருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுத்தால் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி எழுதாவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சங்கத்தின் ஒரு தீர்மானம் போதும்.

எங்கள் பக்கம் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். தேதி என்பது இருவருக்கும் பொது. சொன்ன நாளில் ஃபைல் வர வேண்டும். முகூர்த்த சீசனில் பத்து வேலையை ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் இழுத்தடிக்கும் எடிட்டரையும், அட்வான்ஸ் வாங்கியபின் போனை எடுக்காத டிசைனரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்காக நான் பேசவில்லை. வேலை தாமதமானால் எத்தனை சதவீதம் கழிப்பீர்கள் என்று அந்த மூன்று வரியில் நான்காவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிற யாரும் அதை மறுக்க மாட்டார்கள். பெயர், பான், வங்கி விவரம், உத்யம் எண், கெடுத் தேதி எல்லாம் இருக்கிற ஒழுங்கான பில்லைத் தருவது எங்கள் பொறுப்பு.

இன்னொரு விஷயத்தையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நல்ல டிசைனர்களும் எடிட்டர்களும் இந்த ஊரில் தங்குவதில்லை என்று உங்கள் கூட்டங்களில் குறைப்படுகிறீர்கள். உண்மைதான். கொஞ்சம் கை தேர்ந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். இல்லாவிட்டால் இங்கேயே உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு வேலை பார்க்கிறார்கள். சம்பளம் அதிகம் என்பது ஒரு காரணம். அதற்குச் சமமாக, பணம் நாள் தவறாமல் வருகிறது என்பதும் காரணம். கனடாவில் இருக்கும் முகம் தெரியாத வாடிக்கையாளர், வேலையைத் தொடங்கும் முன்பே தொகையை ஃப்ரீலான்ஸ் வேலைக்கான இணையதளத்தில் கட்டி வைக்கிறார். ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தெரிந்த அண்ணன் ஐந்து மாதம் இழுக்கிறார். எனக்கு மதுரைக் கடைகளுக்கு வேலை செய்யத்தான் பிடித்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் செய்யும்போது அழகர் வருகிற வழியில் எந்தத் தெருவில் எந்த பேனர் கண்ணில் படும் என்று எனக்குத் தெரியும். கனடாக்காரருக்கு அது வேண்டியதில்லை. உங்களுக்குத்தான் வேண்டும். அந்த வேலையை இங்கேயே செய்துகொண்டு பிழைக்க முடிய வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தீபாவளி வேலைகள் ஆவணி பிறந்ததும் தொடங்கிவிடும். பட்டாசு, பலகாரம், ஜவுளி, நகை என்று எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில் டிசைன் வேண்டும், இரவெல்லாம் உட்கார்ந்து செய்வோம். அதற்கு முன்னால் நடக்கும் உங்கள் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் தேதி, மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ், வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள் மீதி, பிரச்சினை வந்தால் போன் செய்ய சங்கத்தில் ஒரு ஆள். இந்த நான்கையும் தீர்மானமாகப் போட்டு உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். கூட்டத்துக்கு எங்களில் சிலரைக் கூப்பிட்டால் வருகிறோம். வேலைக்கான மூன்று வரி மாதிரியும், பில் மாதிரியும் தமிழில் தயார் செய்து வைத்திருக்கிறோம், அப்படியே தருகிறோம். சங்கத்தின் பெயரையும் சின்னத்தையும் போட்டு அதை நோட்டீஸாக அடித்துத் தர வேண்டும் என்றால், அந்த டிசைனுக்கு நான் பில் போட மாட்டேன்.

இப்படிக்கு,
மதுரையில் ஃப்ரீலான்ஸாக டிசைன் செய்யும் ஒருத்தி